உள்நாட்டுப் போர்: ஒரு விவரணப்படமும் அதன் மதிப்புரைகளும்

ஒரு நாட்டு மக்கள் தம்மை ஓரினத்தவராகக் கருதுவதற்குத் துணைசெய்வன பல. மொழி, சமயம், நிலம், அரசு என்பவற்றை அரசியல் நூலார் எடுத்துக் கூறுவர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது கதை. தாம் எங்கிருந்து வந்தோம், எதற்காகப் போரிட்டோம், யாரை இழந்தோம் என மக்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் கதையின்றி எந்த நாடும் வாழ்ந்ததில்லை. முற்காலத்தில் அக்கதையைப் புலவன் பாடினான். பின்னர் வரலாற்றாசிரியன் எழுதினான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பணியின் பெரும்பகுதி தொலைக்காட்சியின் கைக்கு மாறிற்று. புலவனின் பாட்டுக்கு உரையாசிரியன் இருந்தான். வரலாற்று நூலுக்கு அத்துறை அறிஞரின் மறுப்பு இருந்தது. தொலைக்காட்சி சொல்லுங் கதையை ஆராய்ந்து நிறுக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது? செய்தித்தாள்களிலும் வார ஏடுகளிலும் தொலைக்காட்சிப் பத்தி எழுதுவோரையே முதலிற் சார்ந்தது. அவர்கள் அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றினர் என்பதை ஒரு சான்று கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளுஞ் சான்று, அமெரிக்க இயக்குநரான கென் பேர்ன்ஸ் ஆக்கிய 'உள்நாட்டுப் போர்' என்னும் விவரணப்படத் தொடர். 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும், ஒன்றியத்தினின்றும் பிரிந்துசென்ற தென் மாநிலங்களுக்குமிடையே நிகழ்ந்த போரே அதன் பொருள். ஒன்பது பகுதிகளாய், பதினொரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நீளமுடையதாய் அமைந்த இத்தொடர், 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி முதல் 27ஆந் திகதி வரை ஐந்து இரவுகளில், பி.பி.எஸ். என்னும் பொதுநல ஒளிபரப்பு நிறுவனத்தின் வாயிலாகக் காட்டப்பெற்றது. ஏறத்தாழ 4 கோடி மக்கள் அதன் ஒரு பகுதியையேனும் பார்த்தனர். வணிக நோக்கற்ற அந்நிறுவனத்தின் நிகழ்ச்சியெதற்கும் அதுவரை அத்துணைக் கூட்டம் சேர்ந்ததில்லை. போர் நான்கு ஆண்டில் முடிந்தது. படத்தை ஆக்குவதற்கோ ஐந்து ஆண்டுக்கு மேற் சென்றது.

மதிப்புரைகள் ஒரே குரலிற் புகழ்ந்தன எனின் மிகையாகாது. 'வாஷிங்டன் போஸ்ற்' பத்திரிகையின் தொலைக்காட்சி விமரிசகராகிய ரொம் ஷேல்ஸ், இதனை நல்ல தொலைக்காட்சி என்றோ சிறந்த தொலைக்காட்சி என்றோ கூறுதல் போதாது, இது வீரஞ்செறிந்த தொலைக்காட்சி என்னும் பொருள்பட எழுதினார். அரசியற் பத்தியாளரான ஜோர்ஜ் வில் இன்னும் ஒரு படி மேலே சென்று, அமெரிக்கரின் இலியத்துக்கு ஓமர் கிடைத்துவிட்டான் என்ற கருத்தை வெளியிட்டார். இவ்வுவமையைப் படிப்போர் கவனித்தல் வேண்டும். ஒரு விவரணப்படத்தை இலியத்தோடு ஒப்பிடுவது அதனைக் காப்பியமெனக் கொள்வதாகும். காப்பியமெனக் கொண்டபின், இது உண்மையா, முழுமையா என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டு, இது எம்மை எவ்வளவு உருக்கிற்று என்னும் வினாவே முன்னிற்கும். அதுவே நிகழ்ந்தது.

படம் உருக்கவல்லது என்பதில் ஐயமில்லை. அதனை இறுவட்டில் முதன்முறை பார்த்த இரவு யானும் உருகியே இருந்தேன். போர் நிகழ்ந்த காலத்தில் அசையும் படம் தோன்றியிருக்கவில்லை. அக்கால ஒளிப்படக் கருவி ஓடும் மனிதனைப் பிடிக்கவல்லதன்று; நிற்பவனையும் கிடப்பவனையுமே பிடிக்கும். எனவே போருக்குமுன் நெஞ்சு நிமிர்த்தி நின்ற இளைஞரின் படங்களும், போருக்குப்பின் வயலிற் கிடந்த பிணங்களின் படங்களும் உள்ளனவேயன்றிப் போரின் படம் ஒன்றுமில்லை. பேர்ன்ஸ் 16,000க்கு மேற்பட்ட பழம்படங்களைத் திரட்டி, அவற்றின்மேல் தம் கருவியை மெல்ல ஊர்ந்துசெல்ல விட்டார். ஒரு முகத்தினின்று ஒரு கைக்கும், கையினின்று துவக்குக்கும் பார்வை நகர்கின்றது. அசையாப் படம் மூச்சுவிடுவது போன்ற மயக்கம் உண்டாகின்றது. இம்முறை பிற்காலத்தில் கணினி மென்பொருள்களில் அவருடைய பெயராலேயே வழங்கப்படுமளவுக்குப் புகழெய்திற்று. படங்களுக்குப் பின்னணியில் அக்கால மாந்தரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் தேர்ந்த நடிகர்களாற் படிக்கப்படுகின்றன. லிங்கனின் சொற்களைச் சாம் வாற்றர்ஸ்ரனும், அடிமைத்தளையினின்று தப்பி விடுதலைக்காகப் பேசிய பிரெடெரிக் டக்ளஸின் சொற்களை மோர்கன் பிறீமனும் படித்தனர்.

முதற் பகுதியின் இறுதியில் வருங் கடிதம் மிகவும் பெயர்பெற்றது. றோட் ஐலண்ட் மாநிலத்துப் படையைச் சேர்ந்த சலிவன் பலூ என்னும் மேஜர், 1861 ஜூலை 14ஆந் திகதி தம் மனைவிக்கு எழுதியது. ஒரு வாரத்தின் பின் நிகழ்ந்த முதலாவது புல் றண் போரில் அவர் காயமுற்று மாண்டார். நாட்டின்பாற் கடமையும் மனைவியின்பாற் காதலும் ஒருவன் நெஞ்சை இருபுறமும் இழுப்பதைக் காட்டும் அக்கடிதம், சுருக்கப்பட்ட வடிவிற் படிக்கப்படும்போது பின்னணியில் ஒரு பிடிலின் இசை எழுகின்றது. அவ்விசை தொடர் முழுவதிலும் 25 முறை வருகின்றது. கேட்போர் அதனைப் போர்க்காலத்து நாட்டார் பாடலென்றே கருதுவர். உண்மையில் அது ஜே உங்கார் என்பவரால் 1982இல் ஆக்கப்பட்டது. போரோடு அதற்குத் தொடர்பு யாதுமில்லை. ஒரு கோடைகால இசை முகாம் கலைந்தபோது உண்டான பிரிவுத்துயரே அதன் பிறப்பிடம். இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. கூத்தில் மத்தளம் அடிப்பவன் கதை நிகழ்ந்த காலத்து மத்தளத்தைத் தேடிச் செல்வதில்லை. எனினும் பதினொரு மணி நேரப் படத்தின் உணர்ச்சி நிலையை ஓர் இழப்பின் இசை தீர்மானிக்குமெனின், அவ்விழப்பு யாருடைய இழப்பு என்று கேட்பது மதிப்புரையாளரின் கடன். இசையின் இனிமையைக் கூறியவர் பலர். அவ்வினாவை எழுப்பியவரைக் காண்டல் அரிது.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கணம் ஒன்று துணைக்கு வருகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் தனித்தனியே கூறியுள்ளார். ஒரு படைப்பு எந்த மெய்ப்பாட்டை எழுப்புகின்றது என்பதோடு, அது எடுத்துக்கொண்ட பொருளுக்கு எந்த மெய்ப்பாடு உரியது என்பதையும் கேட்பதற்கு இவ்வகுப்பு வழிசெய்கின்றது. பேர்ன்ஸின் தொடர் எழுப்புவன அழுகையும் பெருமிதமும். மதிப்புரைகளும் இவ்விரண்டையே திரும்பத் திரும்பப் பதிந்தன. இழவு அழுகைக்கும், தறுகண் பெருமிதத்துக்கும் உரிய களன்கள், போரிலே இரண்டுமுண்டு. ஆனால் இப்போரின் வேரிலிருந்தது அடிமை முறை. ஏறத்தாழ 40 இலட்சம் மனிதர் பிறருடைய உடைமையாக இருந்தனர். வெகுளி பிறக்குங் களன்கள் யாவையெனத் தொல்காப்பியர் கூறியதை நினைவுகூர்க: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், வைதும் புடைத்தும் அலைத்தல், கொல்லுதல். அடிமை முறையைப் பற்றி அமெரிக்க அறிஞர் எழுதிய பெருநூல்கள் கூறுஞ் செய்திகளை இந்நான்கு தலைப்பில் அடக்கிவிடலாம். தாயை ஓர் ஊரிலும் பிள்ளையை வேறோர் ஊரிலும் விற்றது குடியைக் கெடுத்தலன்றி வேறென்ன? அவ்வாறாயின் இப்பொருளுக்குரிய மெய்ப்பாடுகளுள் வெகுளி முதன்மையானது. அது படத்திற் சிறிதளவே உண்டு; மதிப்புரைகளில் அதனினுங் குறைவு.

படம் அடிமை முறையை மறைத்தது என்று யாரும் எண்ணிவிடலாகாது. முதற் பகுதியிலேயே அது தெளிவாகப் பேசப்படுகின்றது. டக்ளஸின் சொற்கள் பலவிடத்தில் வருகின்றன. ஒன்றியப் படையிற் சேர்ந்த ஏறத்தாழ 1,80,000 கறுப்பினப் போர்வீரரின் பங்கும் கூறப்படுகின்றது. அடிமையாயிருந்தவரின் மகளான டெய்சி ரேணர் என்னும் மூதாட்டி நேரில் தோன்றிப் பேசுகின்றார். குறை சொல்லாமையிலன்று, நிறையிலே உள்ளது. கடிதத்தையும் நாட்குறிப்பையும் ஒளிப்படத்தையும் கொண்டு ஒரு கதையைக் கட்டும்போது, எழுதுகோல் பிடிக்கத் தெரிந்தவனும் படம் பிடித்துக்கொள்ளக் காசுள்ளவனுமே அதில் மிகுதியாகப் பேசுவான். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. எழுதத் தெரியாதவன் மனைவிக்குக் கடிதம் எழுதவில்லை. எழுதாத கடிதத்தைப் பிடில் இசையோடு படிக்கவும் இயலாது. சலிவன் பலூவின் கடிதம் போன்று ஓர் அடிமையின் பிரிவுத்துயரும் கேட்கப்பட்டிருக்குமாயின் அப்படத்தின் அழுகையே வேறாக இருந்திருக்கும்.

இதற்குச் சான்று கிடையாது என்பதுமன்று. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டமொன்றின்கீழ், முன்பு அடிமைகளாயிருந்த 2,300க்கு மேற்பட்ட முதியோரின் வாய்மொழி பதிவு செய்யப்பட்டது. அதில் விற்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும், விடுதலைச் செய்தி வந்த நாளைப் பற்றியும் அவர்களே கூறியுள்ளனர். 'அக்காலக் குரல்களே பேசுகின்றன' என்று பாராட்டப்பட்ட தொடரொன்றை மதிப்பிடுவோர், எக்குரல்கள், எத்துணை நேரம் என்று எண்ணிப் பார்த்திருக்கலாம். மாணவனின் விடைத்தாளில் ஒரு பக்கம் விடுபட்டிருப்பின், எழுதிய பக்கங்களின் கையெழுத்தழகைப் புகழ்ந்து புள்ளியிடும் ஆசிரியன் தன் கடமையைச் செய்தவனாகான்.

இக்காலக் குரல்களிலும் நிறை ஒத்திருக்கவில்லை. தொடரிற் கருத்துரைத்தோருள் மக்கள் மனத்தை வென்றவர் ஷெல்பி பூற். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த இவர் நாவலாசிரியர். போரைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகளை 1958 முதல் 1974 வரை வெளியிட்டவர். ஏறத்தாழ 90 இடங்களில் தோன்றி, தென்னாட்டு இழுவையோடு, தாமே போர்க்களத்தினின்று அன்று மாலை திரும்பியவர்போலக் கதை சொல்கின்றார். அக்குரல் ஆசிரியத் தொழிலில் நாற்பதாண்டு கழித்தவர்களுக்கும் வாய்க்காத வரம்! ஒளிபரப்பின் பின் அவருடைய தொகுதிகள் பெருந்தொகையாக விற்பனையாயின. கொலம்பியாப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியரும் கறுப்பினப் பெண்மணியுமாகிய பார்பரா பீல்ட்ஸ் தோன்றும் இடங்களோ மிகச் சில. அவர் கூறுவன சுருக்கமானவை, கூர்மையானவை. போர் எதைப் பற்றியது என்னும் வினாவை ஒவ்வொருமுறையும் அடிமைகளின் பக்கத்தினின்று எழுப்புபவை. மதிப்புரையாளர் பூற்றைக் கொண்டாடினர். அவர் கூறியதை ஆராய்ந்தாரல்லர்.

அவர் கூறியதுதான் யாது? அமெரிக்கர் இயல்பாகவே இணக்கங் காணும் ஆற்றலுடையவர் என்றும், அவ்வாற்றலை அவ்வேளையிற் பயன்படுத்தத் தவறியமையாலேயே போர் மூண்டது என்றும் முதற் பகுதியில் அவர் கருத்துரைக்கின்றார். செவிக்கு இனிய கருத்து. ஆனால் வரலாறு அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது. 1820இலும் 1850இலும் வடக்கும் தெற்கும் இணக்கங் கண்டே வந்தன. அவ்விணக்கங்களில் எந்நிலத்தில் அடிமை முறை செல்லலாம், எந்நிலத்திற் செல்லலாகாது என்று பங்கிட்டுக் கொண்டனர். 1850ஆம் ஆண்டு இணக்கத்தின் ஓர் உறுப்பாக, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்குங் கடுஞ் சட்டமும் நிறைவேறிற்று. இருவர் இணங்கியபோது விலையைக் கொடுத்தவன் மூன்றாமவன். அன்றியும் மிசிசிப்பி மாநிலம் பிரிந்துசென்றபோது 1861 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்ததென்று ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. பூற்றின் கூற்றையும் இப்பிரகடனத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு ஆழ்ந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

இதே பூற், போர் தந்த மெய்யான மேதையர் இருவரெனக் கூறி, ஆபிரகாம் லிங்கனோடு சேர்த்து வைப்பது தென்படைத் தளபதி நேதன் பெட்போர்ட் பொறெஸ்ற் என்பவரை. பொறெஸ்ற் போருக்கு முன் அடிமை வணிகர். 1864இல் பில்லோக் கோட்டையிற் சரணடைந்த கறுப்பினப் போர்வீரரைக் கொன்ற படைக்குத் தலைவர். போருக்குப்பின் கூ குளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் குழுவின் முதற் பெருந்தலைவர். குதிரைப்படை நடத்தும் ஆற்றல் ஒன்றையே நோக்கின் பூற்றின் கணிப்பை மறுத்தல் அரிது. ஆனால் ஆற்றல் எதற்குப் பயன்பட்டது என்பதை நீக்கிவிட்டு ஆற்றலை மட்டும் வியப்பது, இராவணனின் வீணையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவதை ஒக்கும்.

இலக்கணம் கற்பிப்போருக்குச் சுவைதரும் செய்தியொன்றும் இத்தொடரில் உண்டு. போருக்கு முன் 'ஐக்கிய மாநிலங்கள்' என்னும் பெயர் ஆங்கிலத்திற் பன்மை வினை கொண்டு முடிந்ததென்றும், போருக்குப்பின் அது ஒருமை வினை கொள்ளலாயிற்றென்றும், போர் செய்து முடித்தது அம்மாற்றத்தையே என்றும் பூற் கூறுகின்றார். தேசிய அடையாளம் பற்றிய ஒரு முழு நூலை ஒரு வினைமுற்றில் அடக்கிய நயம் பாராட்டுக்குரியது. உண்மை அத்துணை நேர்த்தியானதன்று. அந்நாட்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் மொழிநடையை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரையொன்று, பன்மை வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வலுவோடு நிலவியதைக் காட்டிற்று. அது கிடக்க. ஒருமை வந்தது எனவே கொள்வோம். அவ்வொருமையில் அடங்கியவர் யார், அடங்காதவர் யார் என்பதே பெரிய வினா. 1865இல் விடுதலை பெற்றவர்க்கு 1868இல் குடியுரிமையும், 1870இல் ஆடவர்க்கு வாக்குரிமையும் அரசியலமைப்புத் திருத்தங்களாற் கிடைத்தன. 1877இன் பின் தென் மாநிலங்களில் அவ்வுரிமைகள் படிப்படியாகப் பறிக்கப்பட்டன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அவர்களுட் பெரும்பாலோர் அங்கு வாக்களிக்க இயலவில்லை. இலக்கணத்தில் ஒருமை வந்தபின்னும் வாழ்க்கையில் வர ஒரு நூற்றாண்டு சென்றது.

இது நம்மைத் தொடரின் முடிவுக்குக் கொண்டுவருகின்றது. என் கருத்தில், மதிப்புரையாளர் பெரிதும் தவறியது இவ்விடத்திலேயே. ஒரு கதையின் பொருளை அதன் முடிவு தீர்மானிக்கும் என்பதைத் தமிழ் கற்றோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கம்பன் தன் காப்பியத்தைத் திருமுடி சூட்டலோடும், வந்தவர்க்கு விடைகொடுத்தலோடும் நிறுத்தினான். சீதை மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படுஞ் செய்தியைக் கூறும் உத்தரகாண்டம் அவனுடையதன்று. அது ஒட்டக்கூத்தர் பாடியதென வழங்குகின்றது. முடிசூட்டோடு நூலை மூடுவோர்க்கு இராமகாதை அறத்தின் வெற்றி. உத்தரகாண்டத்தையும் சேர்த்துப் படிப்போர்க்கு அதுவே ஒரு பெண்ணின் தீராத துயரம். கதை ஒன்றுதான், நிறுத்துமிடமே வேறு. கம்பன் நிறுத்திய இடத்துக்குக் காப்பியக் காரணம் உண்டு. நடந்ததை நடந்தவாறு கூறுவதாக அவன் உறுதியளிக்கவுமில்லை. விவரணப்படம் அவ்வுறுதியை அளிக்கின்றது.

பேர்ன்ஸின் தொடர் தன் முடிசூட்டை 1913இலும் 1938இலும் காண்கின்றது. கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தில் அப்போரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது இருதரப்பிலும் போரிட்ட 50,000க்கு மேற்பட்ட முதியோர் ஒன்றுகூடினர். எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவின்போது எஞ்சியோர் மீண்டுங் கூடினர். ஒருவரையொருவர் கொல்லப் பாய்ந்த அதே கற்சுவரின் குறுக்கே தாடி நரைத்த பகைவர் கைகுலுக்குகின்றனர். பிடில் இசை எழுகின்றது. கல்லும் கரையுங் காட்சி. ஆனால் 1913ஆம் ஆண்டுச் சந்திப்பில் ஜூலை 4ஆந் திகதி உரையாற்றிய சனாதிபதி வூட்றோ வில்சன் யார்? அதே ஆண்டில் அவருடைய அரசாங்கத்தின் திணைக்களங்கள் சிலவற்றிற் கறுப்பின ஊழியர் வெள்ளை ஊழியரினின்றும் பிரித்து வைக்கப்படலாயினர். கைகுலுக்கிய கைகள் இரண்டும் வெள்ளைக் கைகள். போர் முடிந்தபின் தெற்கைப் புதிதாக அமைக்க முயன்ற பன்னிரண்டாண்டுக் காலம், 1870இல் ஹைரம் றெவெல்ஸ் என்பவர் முதற் கறுப்பின உறுப்பினராகச் செனற் சபையில் அமர்ந்தமை, பின் வன்முறையால் அவையெல்லாம் கவிழ்க்கப்பட்டமை ஆகிய யாவும் இறுதிப் பகுதியிற் சில நிமிடங்களுக்குள் ஓடி மறைகின்றன. இதனால் போர் என்பது சகோதரர் இருவர் பிணங்கிப் பின் கூடிய கதையாகின்றது. அடிமைகளின் விடுதலை அக்கதையின் கிளைக்கதையாகச் சுருங்கிவிடுகின்றது.

மேற்கூறிய குறையை முதன்முதலில் யானே கண்டேன் என்று உரிமை கொண்டாடவில்லை. அமெரிக்க வரலாற்றறிஞர் பலர் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளனர். றொபேட் பிறென்ற் ரொப்ளின் பதிப்பித்து 1996இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் எரிக் போனர், லியன் லிற்வக் ஆகியோர், மீளிணைவின் மகிழ்ச்சி விடுதலையின் கதையை விழுங்கிவிட்டது என்ற கருத்துப்பட வாதிட்டனர். கதரின் கிளின்ரன் பெண்கள் ஒதுக்கப்பட்டமையைச் சுட்டினார். கறி கலகர் போர் நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்த முறையை ஆராய்ந்தார். தொடருக்கு ஆலோசகராயிருந்த மூதறிஞர் வான் வூட்வேட்டும், அதனை எழுதியவருள் ஒருவரான ஜெப்றி வோட்டும், பேர்ன்ஸும் அதே நூலில் மறுமொழி கூறினர். தாக்கியோரையும் தாக்கப்பட்டோரையும் ஒரே அட்டைக்குள் அமர்த்திய அம்முறை நம் ஏடுகளும் பின்பற்றத்தக்கது.

எனினும் வரலாற்றறிஞரும் முழுப் புகழுக்குரியரல்லர். அவர்கள் பேசியது பெரும்பாலும் படத்தின் கூற்றுகளைப் பற்றியே. எழுத்து வடிவிலான ஒரு நூலை மறுப்பதுபோலவே அதனை மறுத்தனர். கூற்றிலே இல்லாத ஒன்றை இசையும் ஒளியும் எவ்வாறு சொல்லாமற் சொல்லிற்று என்பதை விளக்கும் பயிற்சி அவர்களுட் பலருக்கில்லை. அப்பயிற்சி உடையவர் தொலைக்காட்சி விமரிசகர். அவர்களுக்கோ வரலாற்றை வினவும் துணிவு தோன்றவில்லை. காலமும் ஒத்துவரவில்லை: மதிப்புரை ஒளிபரப்பு வாரத்திலேயே வந்தது, மறுப்பு நூலாக வர ஆறாண்டு சென்றது. 4 கோடிப் பேரிற் பெரும்பாலோர் மதிப்புரையைப் படித்திருப்பர், அல்லது படித்தவரிடங் கேட்டிருப்பர்; பல்கலைக்கழக அச்சகத்தின் நூலைப் படித்தவர் எத்துணைப் பேராக இருந்திருப்பர்?

இஃது ஏட்டுச் சண்டையென ஒதுக்கத்தக்கதன்று. 2017 ஒக்டோபர் இறுதியில், வெள்ளை மாளிகையின் பணிக்குழுத் தலைவராயிருந்த ஜோன் கெலி, இணக்கங் காணும் ஆற்றலின்மையே உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்றது என்று தொலைக்காட்சி நேர்காணலொன்றிற் கூறினார். கண்டனம் எழுந்தது. மறுநாள் அவர் சார்பிற் பேசிய வெள்ளை மாளிகையின் ஊடகச் செயலாளர் எடுத்துக்காட்டிய சான்று எது தெரியுமா? கென் பேர்ன்ஸின் புகழ்பெற்ற விவரணப்படத்தில் ஷெல்பி பூற் கூறியது! இருபத்தேழு ஆண்டுக்கு முன் ஓரிரவில் இனிய குரலிற் சொல்லப்பட்ட ஒரு கருத்து, மதிப்புரையாளர் ஒருவராலும் தடுக்கப்படாமல் நடந்து சென்று, அரசின் வாயிலிற் சான்றாக நின்றது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலேதான், வேர்ஜீனியா மாநிலத்துச் சார்ளற்ஸ்வில் நகரில், தென்படைத் தளபதி றொபேட் லீயின் சிலையை அகற்றலாகாதெனக் கூடியோரை எதிர்த்து நின்ற பெண்ணொருத்தி வாகனம் மோதிக் கொல்லப்பட்டிருந்தாள். போரைப் பற்றிய கதை அந்நாட்டில் இன்னும் உயிர்களோடு விளையாடுகின்றது.

உள்நாட்டுப் போர் என்னுஞ் சொல்லுக்கு அகராதியிற் பொருள் தேடவேண்டாதவர் நாம். கைகுலுக்குங் காட்சியை எம்மிற் பலர் விரைந்து நம்புவதில்லை; ஆயினும் அதனை வெறுப்பதுமில்லை. எனவே பேர்ன்ஸ் ஏன் அங்கு கதையை நிறுத்த விரும்பினார் என்பதை விளங்கிக்கொள்ள முடிகின்றது. மாண்டோர் தொகை 6,20,000 என நெடுங்காலம் கணக்கிடப்பட்டது; 2011இல் மக்கட்கணிப்பு ஏடுகளைக் கொண்டு செய்யப்பட்ட மறுகணிப்பொன்று ஏறத்தாழ 7,50,000 என உயர்த்திற்று. அத்துணைப் பிணங்களை எண்ணி முடித்தவன் ஆறுதல் தேடுவது இயல்பு. படைப்பாளியின் அவ்வியல்பை மன்னிக்கலாம். அவ்வாறுதலை நிறுத்துப் பார்க்கும் தராசு மதிப்புரையாளனின் கையில் இருந்தது.

தொடரின் இறுதிப் பகுதியிலேயே பார்பரா பீல்ட்ஸ் தோன்றி, அப்போர் இன்னும் முடிந்துவிடவில்லை என்றும், அதிற் தோற்றுப்போகவும் கூடுமென்றும் கூறுகின்றார். தன் முடிவுக்குத் தானே ஒரு மறுப்பைப் படம் உள்ளே வைத்திருக்கின்றது என்பது பேர்ன்ஸின் நேர்மைக்குச் சான்று. 2019 ஏப்பிரலில் ஹென்றி லூயிஸ் கேற்ஸ் என்னும் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர், போருக்குப் பிந்திய மீளமைப்புக் காலத்தைப் பற்றி நான்கு மணி நேரத் தொடரொன்றை அதே பி.பி.எஸ். வாயிலாக வெளியிட்டார். உத்தரகாண்டம் வந்துசேர இருபத்தெட்டு ஆண்டுக்கு மேற் சென்றது. மேல்வகுப்பு மாணவர் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பாராயின், முதலாவதின் ஒன்பதாம் பகுதி முடிந்தவுடன், மறுநாள் வரை காத்திராமல், இரண்டாவதின் முதற் பகுதியைத் தொடங்குதல் நன்று. பிடில் இசை செவியில் இருக்கும்போதே அதனைக் கேட்டல் வேண்டும்.